ஞாயிற்றுக்கிழமை பாரூர் போகலாமா? ஏரி, சந்தை, அப்படியே நூலகம்!

கிருஷ்ணகிரி மாவட்டம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது இரண்டு விஷயங்கள்தான். ஒன்று மாம்பழம். இன்னொன்று, பெங்களூரு போகிற வழியில் வண்டிகள் வரிசைகட்டி நிற்கும் டோல்கேட். அந்த நெடுஞ்சாலையை விட்டுக் காவேரிப்பட்டணம் பக்கம் இறங்கி, தென்கிழக்கே கொஞ்ச தூரம் போனால் தென்னந்தோப்பும் மாந்தோப்புமாக ஊர்கள் மாறிவிடும். அங்கேதான் இருக்கிறது பாரூர்.

ஊரின் அடையாளம் பெரிய ஏரி. கரையில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும் வரை தண்ணீர். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை, பிறகு கே.ஆர்.பி. அணை என்று தாண்டி வருகிறது. நெடுங்கல் அணைக்கட்டில் திருப்பிவிடப்படும் அந்த ஆற்று நீர்தான் பாரூர் ஏரியை நிரப்புகிறது. சுமார் 2,400 ஏக்கர் நிலத்துக்கு இந்த ஏரிதான் பாசனம்.

அக்கம்பக்கமும் சும்மா இல்லை. அரசம்பட்டி என்றால் தென்னங்கன்று. சந்தூர் என்றால் மாங்கன்று. போச்சம்பள்ளி என்றால் ஞாயிற்றுக்கிழமை கூடும் பெரிய சந்தை. அதே போச்சம்பள்ளிப் பக்கம் இப்போது ஓலா மின்ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டது. காலையில் ஆலைப் பேருந்துக்கு நிற்கும் பெண்ணின் வீட்டில், அப்பா ஏரித் தண்ணீர் எப்போது திறப்பார்கள் என்று காத்திருப்பார். இரண்டு காலம் ஒரே வீட்டுக்குள் இருக்கிற வட்டாரம் இது.

இவ்வளவு விஷயம் இருக்கிற ஊர்களில், அதைப் பற்றியெல்லாம் உட்கார்ந்து பேச இடம் எங்கே? டீக்கடையில் பேசலாம், கோயில் திண்ணையில் பேசலாம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையும், பாட்டியும், ஷிஃப்ட் முடித்து வந்த பெண்ணும் சேர்ந்து உட்காரக்கூடிய, காசு கேட்காத ஓர் இடம் வேண்டும் என்றால் ஊர் நூலகம்தான்.

சட்டத்திலேயே இருக்கிறது

நூலகம் என்றால் சத்தம் போடாமல் படிக்க வேண்டிய இடம், அங்கே சொற்பொழிவு, கண்காட்சி எல்லாம் எதற்கு என்று தோன்றலாம். அந்த எண்ணத்துக்கு 1948-லேயே பதில் சொல்லிவிட்டார்கள்.

சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் நம்முடையது. 1948-ல் அன்றைய சென்னை மாகாணத்தில், தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது வந்தது. அதன் பின்னால் நின்றவர், சீர்காழியில் பிறந்து, இந்திய நூலக அறிவியலின் தந்தை என்று கொண்டாடப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன்.

நூலக ஆணைக்குழு என்னென்ன செய்யலாம் என்று அந்தச் சட்டம் ஒரு பட்டியல் போடுகிறது. புத்தகம், பத்திரிகை, வரைபடம் வாங்கலாம். கலை, அறிவியல் மாதிரிப் பொருள்களையும் வைக்கலாம். திரைப்படச் சுருள்கூட வைத்துக்கொள்ளலாம். சொற்பொழிவுகளும் வகுப்புகளும் நடத்தலாம். தொலைக்காட்சிகூட இல்லாத காலத்தில் எழுதிய பட்டியல் இது! ஆக, நூலகத்தில் பேச்சும் கண்காட்சியும் வைப்பது யாரோ செய்கிற உபகாரம் அல்ல. நூலகம் பிறக்கும்போதே அதற்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று.

அதற்கான பணமும் நம்முடையதுதான். வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி இருக்கும். ஒரு புத்தகம்கூட எடுக்காதவர்களும் அந்த வரியைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதற்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1931-ல் மன்னார்குடி அருகே மேலவாசலில், ஓய்வுபெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளையின் முயற்சியில் ஒரு மாட்டுவண்டி நூலகம் கிளம்பியது. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் புத்தகம் வண்டியில் போனது. மக்கள் நூலகத்துக்கு வரவில்லையென்றால், நூலகம் மக்களிடம் போக வேண்டும் என்று அப்போதே நினைத்திருக்கிறார்கள்.

பக்கத்து மாநிலம் கேரளத்தில் இந்த எண்ணம் இயக்கமாகவே வளர்ந்தது. பி.என். பணிக்கர் 1945-ல் 47 ஊர் நூலகங்களை ஒன்று சேர்த்துத் தொடங்கிய சங்கம் அந்த மாநிலம் முழுக்கப் பரவியது. ஊர் நூலகம் என்றால் அங்கே கூட்டம், விவாதம், நாடகம் எல்லாம் சேர்ந்ததுதான்.

காட்டுவதற்கு என்ன இருக்கிறது?

பாரூர் வட்டாரத்தில் ஒரு நூலகம் கண்காட்சி வைக்க நினைத்தால், பொருளைத் தேடி வெளியூர் போகவே வேண்டாம்.

பாரூருக்கு வெகு தூரத்தில் இல்லை மயிலாடும்பாறை. 2021-ல் தமிழக தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. இரும்பு கிடைத்த மண்ணடுக்கின் மாதிரியை அமெரிக்க ஆய்வகத்தில் சோதித்தபோது வந்த காலம் கி.மு. 2172. அதாவது, இன்றைக்குச் சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இரும்பு புழங்கியிருக்கிறது. 2022 மே மாதம் சட்டமன்றத்திலேயே இது அறிவிக்கப்பட்டது. பிறகு 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையின் முடிவுகள் வந்து, இரும்பின் காலத்தை இன்னும் பின்னுக்குத் தள்ளின. உலகம் பேசிய இந்தச் செய்தியை, மயிலாடும்பாறையைச் சுற்றியிருக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கு யாராவது படம் காட்டிச் சொல்ல வேண்டாமா?

அடுத்தது நடுகற்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் வயல் ஓரத்திலும் மரத்தடியிலும் வீரன் உருவம் செதுக்கிய கல் நிற்கும். மக்கள் அதை வேடியப்பன் என்று கும்பிடுவார்கள். ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் நட்ட கல், பல நூற்றாண்டு கழித்துக் குலசாமியாகவும் இருக்கிறது. கல்லை யாரும் இடம் மாற்றக் கூடாது. ஆனால் எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறதே! ஊருக்கு ஊர் படமெடுத்து, எந்த ஊர், எந்த இடம் என்று குறித்து ஒட்டினால் நூலகச் சுவர் போதாது.

மாம்பழத்தைச் சொல்லவே வேண்டாம். கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் நாம். ஒரு மாஞ்செடியை எப்படி ஒட்டுக்கட்டுகிறார்கள் என்று சந்தூர் நாற்றுப்பண்ணைக்காரர் ஒருவர் நூலகத்தில் செய்து காட்டினால் அரை மணி நேரம் போவதே தெரியாது.

அருங்காட்சியகத்திடமும் ஒரு யோசனையை வாங்கிக்கொள்ளலாம். கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மாதம் ஒரு பொருளைத் தனியே எடுத்துச் சிறப்புக் காட்சியாக வைக்கும் வழக்கம் அரசு அருங்காட்சியகங்களில் உண்டு. அதேபோல நூலகத்திலும் மாதம் ஒரு பொருள் வைக்கலாம். பழைய மரக்கால், ஏற்றச் சால், தாத்தாவின் நிலப் பத்திரம், கன்னட எழுத்தில் ஒரு பழைய கடிதம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் வீட்டுக்குள் புழங்குகிற மாவட்டம் என்பதால், பக்கத்தில் எழுதி வைக்கும் குறிப்பும் பல மொழியில் இருந்தால் இன்னும் அழகு.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை

2024 டிசம்பர் தொடக்கத்தை இந்தப் பக்கத்து மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது. ஏரி நிரம்பி வந்த வெள்ளம், சாலையோரம் நிறுத்தியிருந்த வண்டிகளைக் காகிதக் கப்பல்போல இழுத்துக்கொண்டு போன வீடியோவை நாடே பார்த்தது.

ஓர் ஏரி நிரம்பினால் தண்ணீர் அடுத்து எங்கே போகும்? நடுவில் எந்தக் கால்வாய் அடைந்து கிடக்கிறது? பழைய ஆட்களுக்கு இது மனப்பாடம். புதிதாக மனை வாங்கி வீடு கட்டுகிறவருக்குத் தெரியாது. நூலகச் சுவரில் ஒரு பெரிய ஏரி வரைபடம், அதன் முன்னால் மடை பார்த்த பெரியவர் ஒருவர், பக்கத்தில் பொதுப்பணி அறிந்த பொறியாளர் ஒருவர். இந்தப் பேச்சு ஒரு தெருவையே காப்பாற்றலாம்.

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வரும் செய்தியை அடிக்கடி பார்க்கிறோம். அந்த ஆறுதானே பாரூருக்கும் தண்ணீர் தருகிறது? தண்ணீரை எப்படிச் சோதிக்கிறார்கள் என்று அறிவியல் ஆசிரியர் ஒருவர் கண்ணாடிக் குடுவையோடு வந்து காட்டினால், கேட்பதற்கு ஊரே வரும்.

எப்படித் தொடங்குவது?

அரசு நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஓர் அமைப்பு உண்டு. நம் ஊரில் அது இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லையென்றால், சேர விரும்புகிறவர்கள் நாலு பேராகப் போய்ப் பேசுங்கள். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். முதல் நிகழ்ச்சிக்கு அது நல்ல நாள்.

ஒரு வசதியும் இருக்கிறது. கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பொதுவாக வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும். ஆலை வேலைக்குப் போகிறவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக்கு வந்தவர்களும் ஒன்றாகக் கிடைக்கும் நாள் அது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சி தோறும் நூலகக் கட்டடம் கட்டினார்கள். அவற்றில் பல இன்று பூட்டிக் கிடக்கின்றன. இவை நூலகத் துறையின் கையில் இல்லை, ஊராட்சியின் பொறுப்பு. உங்கள் ஊரில் அப்படி ஒரு பூட்டு தொங்கினால், கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். அந்தக் கதவைத் திறக்க ஒரு நிகழ்ச்சியே நல்ல காரணம்.

பெரிய மேடை, பொன்னாடை, மைக் எதுவும் வேண்டாம். அரை மணி நேரப் பேச்சு, அரை மணி நேரம் கேள்வி. இருபது பேர் வந்தால் போதும். பேச்சுக்கு ஏற்ற நாலு புத்தகத்தை மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அன்று உறுப்பினராகும் ஒரு பிள்ளை, அடுத்த வாரம் தானாக வரும்.

ஒரு நாள் பயணம்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஓசூர் வழியாக வந்தால், முதலில் ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி. 1878-ல் அவர் பிறந்த எளிய வீடு இன்று நினைவு இல்லம். அங்கிருந்து கிருஷ்ணகிரி அருங்காட்சியகம். பிறகு போச்சம்பள்ளி சந்தையில் ஒரு சுற்று. சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் பாரூர் ஏரிக்கரை. வழியில் எந்த ஊரிலாவது நூலகப் பலகை கண்ணில் பட்டால் வண்டியை நிறுத்தி உள்ளே போய்ப் பாருங்கள். அறிவிப்புப் பலகையில் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று எழுதியிருக்கிறதா? இல்லையென்றால், நூலகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள்.