சின்னத்திரை கற்பித்த அச்சமும் கருணையும்

மஃரிபு தொழுகை முடிந்து இல்லம் திரும்பும் வேளையில், அம்பத்தூர்த் தெருக்களில் வீட்டுக்கு வீடு தொலைக்காட்சித் தொடரின் குரல் கேட்கும். அதனை வெறும் பொழுதுபோக்கு என்றே நாம் எண்ணியிருந்தோம். அஃது ஆசானாய் அமர்ந்து பாடமும் நடத்துகிறது என்பதை ஒரு துயர நாளில்தான் உணர்ந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நம் உறவினர் இல்லத்து இளைஞர் ஒருவர் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளானார். மூன்றாம் நாள், மூளைச்சாவு நேர்ந்துவிட்டதென மருத்துவர்கள் அறிவித்தனர். உறுப்புக்கொடைக்கு இசைவு உண்டா எனப் பணிவுடன் வினவினர். பெற்றோர் வாய் திறக்குமுன் அப்பிள்ளையின் நன்னியார் கதறினார்: "நெஞ்சு துடிக்குதே! நாடகத்துலயும் இப்படித்தான் சொன்னாங்க. அந்தப் பையன் விரலை அசைச்சுக் கண்ணு முழிச்சானே!" உறுப்புக்காகவே உயிர் பறிக்கும் கூட்டத்தைப் படத்தில் கண்டதாக வேறொருவர் காதோடு சொன்னார். கற்றவர் எனப் பெயர் பெற்ற நாமும் அங்கே நின்றிருந்தோம்; மறுமொழி கூறும் அறிவு நம்மிடம் இல்லை. இரு நாளில் இதயமும் ஓய்ந்தது. நல்லடக்கம் நடந்தது. மறுத்தது அக்குடும்பத்தின் உரிமை. அதில் நாம் குறை காணவில்லை. ஆயின் அஃது அறிந்து எடுத்த முடிவன்று என்பதே நம்மை இன்றும் உறுத்துகிறது.

பின்னரே தேடிக் கற்றோம். கோமா எனப்படும் ஆழ்மயக்கத்தில் மூளை உயிரோடிருக்கும், மீள்வோரும் உண்டு. மூளைச்சாவிலோ மூளைத்தண்டு செயலிழந்துவிடும். தானே மூச்சுவிடும் ஆற்றல் ஒருபோதும் திரும்பாது. செயற்கைச் சுவாசக் கருவியின் துணையால் இதயம் மட்டும் சிறிது காலம் துடிக்கும். 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, மருத்துவர் நால்வர் கொண்ட குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். உறுப்பைப் பொருத்தும் மருத்துவர் அக்குழுவில் இடம்பெறலாகாது. இவற்றைக் காட்டும் பொறுமை தொடர்களுக்கு ஏது? விரல் அசைவதில்தான் கதைக்குச் சுவை.

எனினும் மக்களின் அச்சம் முழுதும் கற்பனையன்று. நமக்கு அண்மையிலுள்ள வில்லிவாக்கம், வறியோர் சிறுநீரகம் விற்ற இடமாகி, 'கிட்னிவாக்கம்' என்ற இழிபெயரை ஒரு காலத்தில் சுமந்தது. அத்தகைய வணிகத்தைத் தடுக்கவும் மேற்சொன்ன சட்டம் பிறந்தது. 2015-இல் வெளிவந்த 'என்னை அறிந்தால்', 'காக்கி சட்டை' ஆகிய படங்கள் உறுப்புக் கொள்ளையைக் கதையாக்கின. திரையரங்கில் ஒருமுறை காணும் அச்சம், சின்னத்திரை வழியே பலமுறை வீட்டுக்குள் வருகிறது.

அதே சின்னத்திரை கருணையும் கற்பித்ததுண்டு. 2008 செப்டம்பரில், திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவுற்ற தம் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளை ஈந்தனர். காவல்துறை வழி ஒதுக்கித்தர, அவ்விதயம் சென்னைச் சாலைகளைக் கடந்து நம் பக்கத்து முகப்பேருக்கு விரைந்து வந்து, சிறுமி ஒருத்தியின் நெஞ்சில் துடித்தது. தொலைக்காட்சி அச்செய்தியை இல்லந்தோறும் சேர்த்தது. அவ்வாண்டே தமிழக அரசின் மூளைச்சாவு உறுப்புக்கொடைத் திட்டம் தொடங்கிற்று. உறுப்பு ஈந்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என 2023-இல் முதலமைச்சர் அறிவித்தார்.

மார்க்கம் என்ன சொல்கிறது என்ற வினாவும் எழும். அனைத்துலக இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1986-இல் அம்மானில் கூடி மூளைச்சாவை ஆராய்ந்து ஏற்றது. 1988-இல் ஜித்தாவில் உறுப்பு மாற்றத்தை நிபந்தனைகளுடன் அனுமதித்து, விற்பனையை விலக்கியது. மாற்றுக் கருத்துடைய ஆலிம்களும் உளர். அவர்களிடமும் கேட்போம், கேட்டறிந்து முடிவு செய்வோம்.

மாணவச் செல்வங்களே! இன்றிரவு தொடர் முடிந்தபின் பெற்றோருடன் இதுபற்றிச் சற்றே உரையாடுங்கள். கொடுப்பதோ மறுப்பதோ அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஆனால் மருத்துவமனை வாயிலில், கண்ணீர் மறைக்கும் வேளையில், நமக்காக ஒரு நாடகக் காட்சி முடிவெடுக்க விடலாகாது. அன்று நாம் நின்ற மௌனத்தில் நீங்களும் நிற்க வேண்டா.