மலை என்கிற சொல்

மலை ஏறியதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் உச்சியைக் குறிவைத்தே எழுதுகிறார்கள். வழி என்பது அதற்கு ஒரு பீடிகை. என் விஷயத்தில் உச்சியில் சொல்லும்படியாக ஒன்றும் நடக்கவில்லை. ஏறுகிற வழியில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து அதற்கு ஒரு பதில் கிடைத்தது. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு ஒரு சொல்லை முன்போலக் கையாள என்னால் முடியவில்லை என்பதால் இதை எழுத வேண்டியிருக்கிறது.

2018 பிப்ரவரியில் அப்புத்தளைக்குப் போயிருந்தேன். இலங்கையின் ஊவா மாகாணத்தில், நடுமலைத்தொடரின் தென் விளிம்பில் இருக்கிற சிறிய ஊர். கடைத்தெரு முடிகிற இடத்தில் தரையும் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து பத்து கிலோமீட்டர் பஸ்ஸில் போனால் தம்பேதன்னை. 1890இல் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து ஏழு கிலோமீட்டர் நடந்தால் லிப்டன் சீட். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,970 மீட்டர். ஸ்காட்லாந்து மளிகைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கிய தாமஸ் லிப்டன் தன் தோட்டங்களைப் பார்ப்பதற்காக வந்து உட்கார்ந்த இடம் என்று சொல்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் தெற்கே சமவெளி முழுவதும், அதற்கப்பால் கடலின் கோடும் தெரியும். காலை ஒன்பது மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே விடியுமுன் புறப்பட வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே புறப்பட்டேன்.

இதெல்லாம் பிரயாணக் குறிப்பு. ஆனால் நான் வெறும் பிரயாணி இல்லை. என் அம்மா 1953இல் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவள். இதே மலை முகட்டின் தென்சரிவில் இருப்பது அந்தத் தோட்டம். 1964 ஒப்பந்தத்தில் இரண்டு பிரதமர்கள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று வைத்தார்களே, அதில் முதல் தொகைக்குள் விழுந்த குடும்பம் எங்களுடையது. 1972இல், பத்தொன்பது வயதில், அம்மா கோச்சியில் தலைமன்னாருக்கு வந்து கப்பலேறினாள். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், பிறகு கூடலூர். திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டத்தில் வேலை. அங்கே பறித்த அதே கொழுந்தை இங்கே பறித்தாள். அங்கே 'இந்தியாக்காரங்க' என்றார்கள். இங்கே 'சிலோன்காரங்க' என்றார்கள். நான் பிறந்தது கூடலூரில்.

சிறுவயதில் எனக்கு 'மலை' என்றால் ஓர் அர்த்தம்தான். அம்மா காலையில் போகும் இடம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பரப்புக்கும் ஒரு நம்பர் உண்டு. ஐந்தாம் நம்பர் மலை, பன்னிரண்டாம் நம்பர் மலை. உயரம், சிகரம் என்கிற எண்ணமே அந்தச் சொல்லில் கிடையாது. நான்காம் வகுப்பில் ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்கி வரவில்லை என்று வாத்தியார் கேட்டபோது, "அம்மா மலைக்குப் போயிருக்காங்க சார்" என்றேன். "எந்த மலைக்கு, பழனிக்கா?" என்றார் அவர். வகுப்பு சிரித்தது. அன்றைக்குத்தான் அந்தச் சொல்லுக்கு வேறு சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு கல்லூரியில் குறிஞ்சி படித்தேன். புதுக்கவிதை படித்தேன். பத்திரிகைகளுக்குக் கவிதைகள் அனுப்பினேன். அவற்றில் மலை அடிக்கடி வரும். தனிமையாக, மௌனமாக, எட்டாத எதுவோ ஒன்றாக. ஒரு சிற்றிதழில் வெளியான என் முதல் கவிதையே மலையையும் பனியையும் பற்றியதுதான். அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "பனின்னா கை விறைக்குமே, அதச் சொல்லலியா?" என்று கேட்டாள். அப்போது எனக்கு அது விமர்சனமாகப் படவில்லை, அறியாமையாகப் பட்டது.

தொழிற்சாலையைத் தாண்டிய பாதை லயங்களை ஒட்டிப் போகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், வாசலில் விறகு, தகரத்தின்மேல் கல். பீலியில் ஒரு பெண்பிள்ளை பள்ளிச் சீருடையோடு முகம் கழுவிக்கொண்டிருந்தாள். மேலே போகப்போகத் தேயிலை தவிர வேறொன்றும் இல்லை. அழகாகத்தான் இருந்தது. பொய் சொல்வதற்கில்லை. பச்சையின் ஒழுங்கு, வளைவுகள், ஏற்ற இறக்கங்கள், இடையிடையே நிழலுக்கு நின்ற மரங்கள். ஆனால் இந்த அழகு, ஒரு செடி தன் இஷ்டத்துக்கு வளராமல் தடுக்கப்படுவதன் அழகு. விட்டுவிட்டால் தேயிலை மரமாகிவிடும். சில வருஷங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி, வாரத்துக்கு ஒருமுறை கொழுந்தெடுத்து, மட்டக்கம்பு வைத்து மட்டம் பார்த்து, அதை இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாம் காட்சி என்று எதைப் பார்க்கிறோமோ அது ஆயிரக்கணக்கான விரல்கள் செய்து வைத்திருப்பது. ஒரு மாதம் விரல்கள் நின்றால் காட்சி கலைந்துவிடும்.

ஐந்தாவது கிலோமீட்டர் பக்கத்தில் பெண்கள் மலைக்கு வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் படங்கு, நெற்றியில் கயிறு, முதுகில் கூடை. ஐம்பது வயதிருக்கும் ஒருவர் நின்று என்னைப் பார்த்தார்.

"சீட்டுக்கா போறீங்க? கொழும்பா தம்பி?"

"இந்தியா, அக்கா. ஆனா அம்மா இந்தப் பக்கந்தான்." தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

அவர் முகம் மாறிவிட்டது. பின்னால் வந்தவர்களையும் நிறுத்தினார். "அங்கதான் என் மதினிய கட்டிக் குடுத்திருக்கு. எந்தக் கணக்கு? மேக்கணக்கா, கீழ்க்கணக்கா?"

எனக்குத் தெரியவில்லை.

லிப்டன் அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் ஐந்து முறை கலந்துகொண்டு ஐந்து முறையும் தோற்றவர் என்று எனக்குத் தெரியும். காப்பியை அழித்த பூஞ்சை நோய் இலங்கையில் 1869இல் கண்டுபிடிக்கப்பட்டது என்று தெரியும். என் அம்மா எந்தக் கணக்கில், எந்த லயத்தில் பிறந்தாள் என்று தெரியாது. நாற்பது வருஷத்தில் கேட்கவில்லை. அவள் சிலோனைப் பற்றிச் சொன்னபோதெல்லாம் நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் எழுதுவதற்குத் தோதான இடங்களை மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கோச்சியில் எழுந்த அழுகை, கப்பல், மண்டபத்து மணல். கணக்கின் பெயரில் கவிதைக்கு ஒன்றும் இல்லை.

"தெரியலக்கா" என்றேன். அவர் சங்கடப்பட்டுவிட்டார். என்னைத் தேற்றுவதுபோல, "அது கெடக்கு, அம்மா சொகமா இருக்காங்கல்ல?" என்றார். பிறகு கங்காணியின் குரல் கேட்டு நகர்ந்துவிட்டார்கள். தினச் சம்பளமாக 1,000 ரூபாய் கேட்டுக்கொண்டிருந்த காலம் அது. 2021இல்தான் அது அரசிதழில் வந்தது. நேரம் கழித்துப் போய்ப் பேரை அரைப்பேராக்கிக்கொள்ள அவர்களுக்குக் கட்டாது.

உச்சிக்கு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். லிப்டனின் சிலை ஒன்று பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்கிறார்கள். காட்சி தெளிவாகவே இருந்தது. அடுக்கடுக்காக இறங்கும் தேயிலை, காடு, பிறகு நீலமான சமவெளி, அங்கங்கே குளங்களின் மினுக்கல். நான் பார்த்தேன். ஆனால் அந்தக் கேள்வி கூடவே நின்றது. கொஞ்ச நேரத்தில் கீழிருந்து மேகம் வந்து மூடியது. பலர் ஏமாற்றமாக எழுந்தார்கள். எனக்கு ஆறுதலாக இருந்தது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது குறிஞ்சித் திணையின் பரண் நினைவுக்கு வந்தது. தினைப்புனத்தில் உயரமாகக் கட்டிய பரணில் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவளும் உயரத்திலிருந்து பார்க்கிறாள். ஆனால் கிளி வருகிறதா என்று பார்க்கிறாள். அந்தப் பார்வை ஒரு வேலை. நிலம், தெய்வம், விலங்கு, உணவு, தொழில் எல்லாவற்றையும் ஒரே திணைக்குள் வைத்த இலக்கணத்தில், தொழிலை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் பார்ப்பதற்கு இடமில்லை. லிப்டன் உட்கார்ந்து பார்த்ததும் ஒரு வகையில் வேலைதான்; முதலாளியின் மேற்பார்வை. வேலை எதுவும் இல்லாமல் அங்கே பார்த்துக்கொண்டிருந்தது எங்களைப் போன்றவர்கள்தாம். நம்முடைய நவீன கவிதையின் மலை பரணிலிருந்து பார்க்கப்பட்டதா, இந்தப் பெஞ்சிலிருந்து பார்க்கப்பட்டதா என்று கேட்டுக்கொண்டேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்னுடையது பெஞ்சிலிருந்து பார்க்கப்பட்டது.

இதை ஒரு குற்றச்சாட்டாக முடித்துவிடுவது சுலபம். அழகைப் பார்ப்பது பாவம், உழைப்பை மட்டும் பார் என்று சொல்லிவிடலாம். அது இன்னொரு பெஞ்சு. இதே தென்சரிவுகளின் வரிசையில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில், 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மண் மூடியது. அந்த மலையை அழகு என்றும் சொல்ல முடியாது, அநீதியின் குறியீடு என்று சொல்லிவிட்டும் போக முடியாது. அது வெறும் மண். அதன் கீழ் மனிதர்கள் இருக்கிறார்கள். சொல்லுக்கு எடை வேண்டுமென்றால் இப்படி எங்காவது ஓரிடத்திலிருந்துதான் வர வேண்டும் போலிருக்கிறது.

ஊர் திரும்பியதும் கூடலூருக்குப் போனேன். அம்மா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போய் உட்கார்ந்ததும் முதலில் கேட்டது அதைத்தான்.

"கீழ்க்கணக்கு. ரெண்டாவது லயம், தொங்கக் காம்பரா. ஏன், யாரு கேட்டா?"

சொன்னேன். அந்த மதினியின் பெயர் என்ன என்று கேட்டாள். அதுவும் எனக்குத் தெரியவில்லை. போனை எடுத்து உச்சியில் பிடித்த படத்தைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

"இந்த மாதிரி ஒரு எடம் எங்க தோட்டத்துலயும் இருக்கு. பதினாலாம் நம்பர் மலை. அங்கயிருந்தும் இப்படித்தான் தெரியுமாம்."

"தெரியுமாமா? நீ அங்க வேலை செஞ்சிருக்கேல்ல?"

"செஞ்சேன். அஞ்சு வருசம். மேல பாத்துத்தானே கொழுந்தெடுக்கணும். இது முதுகுப் பக்கமில்ல இருந்துச்சு."

அவள் குரலில் புகார் இல்லை. ஒரு சாமான் எங்கே இருந்தது என்று சொல்வது போலச் சொன்னாள். நான் பேசாமல் இருந்தேன். படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"பனி வந்துச்சா?"

"வந்துச்சும்மா. நான் போயி கொஞ்ச நேரத்துல மூடிருச்சு."

"மொத நிறுவைக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டாள்.