பளபளப்பிற்கு அடியில்

சைலன்சருக்குப் பூசும் பெயின்டைப் பற்றி ஒரு மௌலவி எழுதுவதா, அதுவும் பெண்கள் வாசிக்கும் பத்திரிகையிலா என்று சகோதரிகள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பழைய வேன்களும் முச்சக்கர வண்டிகளுமே கைமாறிக் கைமாறி ஓடின. இன்றும் ஓடுகின்றன. அவற்றில்தான் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள். கணவர் வெளிநாட்டில் இருக்க, அவர் அனுப்பும் பணத்தில் வாகனம் வாங்கும் பொறுப்பும் பல வீடுகளில் பெண்களின் தலையில் விழுகிறது.

எங்கள் பசறையில், கணவரை இழந்த ஒரு சகோதரி பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்க ஒரு பழைய வேனை விலை பேசியிருந்தார். அதைப் பார்த்துச் சொல்லும்படி தன் தம்பி மூலம் என்னிடம் சொல்லியனுப்பினார். எனக்குத் தெரிந்த ஒரு கராஜ் பாஸையும் அழைத்துக்கொண்டு போனேன். வேனுக்கு அடியில் சைலன்சர் புதுப் பாத்திரம் போல மின்னியது. பாஸ் ஸ்குறூட்றைவரால் மெல்லத் தட்டினார். வெள்ளிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அதற்குள் புட்டி, புட்டிக்குப் பின்னால் விரல் நுழையும் ஓட்டை.

ஓட்டையால் சத்தம் மட்டும்தான் கூடும் என்று நினைத்துவிடக் கூடாது. எஞ்சின் புகையில் காபன் மொனொக்சைட் என்ற வாயு இருக்கிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் இருக்க வேண்டிய இடத்தை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேற்பட்ட வலுவோடு அது பிடித்துக்கொள்ளும். மழைக்குக் கண்ணாடிகளை மூடிக்கொண்டு ஏற்றத்தில் ஊர்ந்து போகும் வேனில், தரைத் தகட்டின் துரு வழியே அது உள்ளே வந்தால் பிள்ளைக்குத் தலைவலி, குமட்டல், தூக்கக் கிறக்கம் வரும். பிள்ளைக்கு வேன் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாம் தேசிக்காயை முகரக் கொடுத்துக்கொண்டிருப்போம்.

பெயின்டே பூசக் கூடாது என்று சொல்லவில்லை. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பதுளைப் பக்கம் பெய்யும் மழைக்கு வெறும் இரும்பு தாங்காது. ஆனால் எந்தப் பெயின்ட் என்று பார்க்க வேண்டும். சாதாரண எனாமல் 150 பாகை செல்சியஸை அண்டும்போதே கருகத் தொடங்கும். சைலன்சர் பெட்டியோ 200, 300 பாகைக்குச் சூடாகும். எஞ்சினை ஒட்டிய குழாய் 500ஐயும் தாண்டும். சில்வர் என்பது நிறத்தின் பெயர்தான். டின்னில் 600 பாகை வரை தாங்கும் என்று போட்டிருக்கிறதா, சிலிக்கோன் பிசினும் அலுமினியமும் கலந்ததா என்று கேட்டு வாங்க வேண்டும். அடியில் சாதாரண ரெட் ஒக்சைட் பூசினால் அது சூட்டில் கருகி, மேற்பூச்சையும் சேர்த்து உதிர்த்துவிடும்.

நகத்தில் கியூட்டெக்ஸ் இருந்தால் வுழூவின் தண்ணீர் நகத்தைத் தொடாது என்பது சகோதரிகள் அறிந்ததே. இதுவும் அப்படித்தான். துருவும் எண்ணெயும் இருந்தால் பெயின்ட் இரும்பைத் தொடாது. கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் இரும்பு வெளுக்கும் வரை தேய்த்து, தின்னர் துணியால் துடைத்து, மெல்லியதாக இரண்டு தடவை பூச வேண்டும். நன்றாகக் காய்ந்த பின், புது மண்சட்டியைப் பழக்குவது போல் வெட்டவெளியில் எஞ்சினைச் சிறிது நேரம் இயக்கி, ஆறவிட்டு, மறுபடி சற்றுக் கூடுதல் நேரம் இயக்கிப் பழக்க வேண்டும். அப்போதுதான் பூச்சு இறுகும்.

இவ்வளவும் ஓட்டையில்லாத சைலன்சருக்குத்தான். புகையிலுள்ள நீராவி உள்ளே தங்கி, உள்ளிருந்தும் இரும்பைத் தின்னும். கிட்டத் தூரம் மட்டுமே ஓடும் வண்டிக்கு அது அதிகம். ஓட்டை விழுந்ததை வெல்டிங் செய்ய வேண்டும், இல்லையேல் மாற்ற வேண்டும். எந்தப் பெயின்டும் அதற்கு மருந்தாகாது.

விற்பதற்கு முன் ஆட்டையோ ஒட்டகத்தையோ சில நாள் கறக்காமல் விட்டு, மடியைப் பெருக்கக் காட்டுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதற்குத் 'தஸ்ரியா' என்று பெயர். அப்படி ஏமாந்து வாங்கியவர் பிராணியைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றும் தீர்ப்பளித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இது வந்திருக்கிறது. மத்ரஸாவில் இந்தப் பாடம் வரும்போது பிள்ளைகளின் நினைவு ஆட்டோடு நின்றுவிடும். இப்போது நான் சைலன்சரையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறேன். வாயால் ஒரு பொய்யும் சொல்லாமல், பெயின்ட் பிரஷ்ஷால் பொய் சொல்ல முடியும்.

அந்தச் சகோதரி அந்த வேனை வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து வேறொன்று வாங்கினார். அதன் சைலன்சரும் துருப்பிடித்ததுதான். ஆனால் விற்றவர் துருவைத் தானே காட்டி, மாற்றும் செலவைக் கழித்துத்தான் விலை சொன்னார். பளபளத்ததைவிட அந்தத் துருவில் பறக்கத் இருந்தது.

வாகனம் வாங்கும் சகோதரிகள், முதலில் நம்பிக்கையான பாஸ் ஒருவரை வண்டிக்கு அடியில் பார்க்கச் சொல்லுங்கள். விற்கும் வீட்டுப் பெண்கள், உள்ள குறையைச் சொல்லி விற்கும்படி உங்கள் ஆண்களுக்கு நினைவூட்டுங்கள். வல்ல அல்லாஹ் நம் கொடுக்கல் வாங்கல்களைத் தூய்மையாக்கி, நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன்.