என்ட்டர் வரும் வரைக்கும்

பக்கவாதம் வந்த பிறகு அப்பாவுக்குப் பேச்சு குழறிப்போனது. மனசுக்குள் சொல் இருக்கிறது, நாக்குதான் ஒத்துழைக்கவில்லை. வலது கையும் வரவில்லை. இடது கையின் ஒற்றை விரலால் என் பழைய லேப்டாப்பில் தட்டுவார்.

ஒரு ஆர்டுயினோ ஊனோ வாங்கினேன். அவர் தட்டுவது சீரியல் வழியாகப் போய், சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறையில் ஒரு சின்ன எல்சிடியில் தெரியணும், பஸ்ஸர் அடிக்கணும். அவ்வளவுதான். வரிக்கு 16 எழுத்து. அந்தத் திரைக்குத் தமிழ் வராது, அதனால் தங்கிலீஷ்.

வேகம் 9600 பாட். ஓர் எழுத்துக்குத் தொடக்க பிட், முடிவு பிட் சேர்த்து 10 பிட். அதாவது நொடிக்கு 960 எழுத்து. அப்பாவுக்கு ஓர் எழுத்துக்கே மூன்று நொடி ஆகும்.

முதல் புரோகிராமில் 'ரீட்ஸ்ட்ரிங்' போட்டிருந்தேன். நான் தட்டிப் பார்த்தபோது நன்றாகவே ஓடியது. அப்பா 'தண்ணி' என்று தட்டினார். பஸ்ஸர் ஆறு தடவை அடித்தது. அம்மா எட்டிப் பார்த்து, "என்னடா, வெறும் 'ஐ'ன்னு நிக்குது?" என்றாள்.

காரணம் சின்னது. ஒரு நொடி, அதாவது 1000 மில்லிசெகண்ட், எதுவும் வராவிட்டால் 'ரீட்ஸ்ட்ரிங்' பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். புட்டி மென்பொருளோ ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தியவுடன் அனுப்பிவிடும். என் விரல்களுக்கு அந்த ஒரு நொடி தாராளம். அப்பாவின் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனி வாக்கியமாகிவிட்டது.

நேரத்தைப் பத்து நொடியாகக் கூட்டலாம். பதினோராவது நொடியும் அவர் யோசித்துக்கொண்டிருந்தால்?

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்? அவர் "த..." என்று ஆரம்பித்ததும் "தண்ணியாப்பா?" என்று டம்ளரை நீட்டிவிடுவேன். அவர் தலையாட்டுவார். தாகத்தினாலா, சலித்துப்போயா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

காலையில் மாற்றி எழுதினேன். கடிகாரமே வேண்டாம். வருகிற எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து ஒரு அர்ரேயில் சேர்த்துவை. 127 வந்தால் பேக்ஸ்பேஸ், ஒன்றை அழி. என்ட்டருக்கு 10 வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. புட்டி அனுப்புவது 13. அந்த 13 வந்தால் மட்டும் கடைசியில் ஒரு சுழியம் போட்டு மூடித் திரைக்கு அனுப்பு. அதுவரை சும்மா இரு.

அப்பா உட்கார்ந்தார். முதல் எழுத்து 'எஸ்'. சோறா, சூடா, சுகரா? வாய் வரைக்கும் வந்ததை அடக்கிக்கொண்டேன். நடுவில் தப்பாகத் தட்டி இரண்டை அழித்தார். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆனது. பிறகு என்ட்டர்.

பஸ்ஸர் ஒரே ஒரு தடவை அடித்தது. அம்மா கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"இன்னும் இல்லைங்க. நீங்க சாப்பிட்டதும் சாப்பிடறேன்."

அவர் கேட்டிருந்தது, 'சாப்டியா'.