மேலாளர் ஹாலில் நிற்கும் கிளை

குறுவை நடவு நேரம். டெல்டா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் அரசுடைமை வங்கிக் கிளைக்குள் நுழைகிறேன். நகைக்கடன் கவுன்ட்டரில்தான் கூட்டம். கண்ணாடி அறை காலி. மேலாளர் ஹாலில் நின்றபடி, பெரியவர் ஒருவரின் விண்ணப்பத்தில் விடுபட்ட சர்வே எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

மதிப்பீட்டாளர் சங்கிலியை உரைகல்லில் இழுத்து, அந்தக் கோட்டின் மேல் ஒரு சொட்டு அமிலம் விடுகிறார். உற்றுப் பார்க்கிறார், எடை போடுகிறார், சீட்டு எழுதுகிறார். கிளார்க் அதைக் கணினியில் ஏற்ற, அதிகாரி சரிபார்த்து 'பாஸ்' செய்தால் பணம் கணக்குக்குப் போய்விடும். பதிவு செய்தவரே பாஸ் செய்யக்கூடாது. வேலை தேங்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் படியில்தான்.

"முன்னாடி இருந்த சார் எல்லாத்தையும் தன் டேபிளுக்குக் கொண்டுவரச் சொல்வார். அவர் மீட்டிங்ல உட்கார்ந்துட்டா இங்க ஒண்ணும் நகராது" என்றார் கிளார்க். இந்த மேடமோ, அதிகாரிகளின் வரம்புக்குள் வரும் கடன் எதையும் தன்னிடம் அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அதற்காக எதிலும் தாராளம் என்று நினைத்துவிட வேண்டாம். அதிகாரி டீ குடிக்கப் போயிருந்தார். "சார் பாஸ்வேர்டு எனக்குத் தெரியும் மேடம், நானே பாஸ் பண்ணிடட்டுமா?" என்றார் ஓர் இளம் ஊழியர். "கூடாது தம்பி. உங்களுக்கு எப்படித் தெரியும்? அவர் வந்ததும் முதல்ல அதை மாத்தச் சொல்லுங்க" என்றவர், தன் ஐடியில் நுழைந்து காத்திருந்த கடன்களைத் தானே முடித்தார். ஊழியர்களிடம் நல்ல பெயர் வாங்க இதைக் கண்டுகொள்ளாமல் விடும் மேலாளர்கள் உண்டு. பார்க்க வேகம் போலத்தான் இருக்கும். மோசடி நுழைவதும் அந்த வழியாகத்தான்.

நண்பகலில் மண்டல அலுவலகத்திலிருந்து போன்: இன்று எத்தனை இன்சூரன்ஸ் பாலிசி? "சாயங்காலம் சொல்றேன் சார்" என்று வைத்துவிட்டார். அந்த நெருக்கடியை அப்படியே கவுன்ட்டருக்குத் தள்ளியிருந்தால், நகையோடு வந்தவர் தலையில் ஒரு பாலிசியைக் கட்டியிருப்பார்கள்.

மேலாளர் இல்லாதபோதும் கிளை நகர்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. முக்கியப் பொறுப்பில் இருக்கும் ஊழியர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, தொடர்ந்து 10 வேலை நாட்களாவது விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் சுற்றறிக்கை விட்டது. முறைகேட்டைப் பிடிக்க வந்த ஏற்பாடு. மேலாளர் விடுப்பில் போகும் நாட்களில் எந்தக் கிளையில் வரிசை நகர்கிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதையும் மண்டல அலுவலகங்கள் பார்க்கலாம். டெபாசிட் கணக்கைக் கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேளுங்கள்.