கசௌலி மலையில் ஒரு நாள்

வேனில் வந்துவிட்டால் தலைநகர்வாழ் தமிழர்க்குச் சிம்லாவும் முசோரியும் நினைவுக்கு வருதல் இயல்பு. நாங்கள் நால்வர் இம்முறை கசௌலியைத் தேர்ந்தோம். தில்லியிலிருந்து கால்கா, அங்கிருந்து, 1903-இல் திறக்கப்பெற்ற மலை இரயிலில் தரம்பூர், பின்னர் பைன் மரங்களுக்கிடையே வளைந்தேறும் சாலை.

இவ்வூரின் பெருமை குளிர்ச்சியோடு முடிவதன்று. வெறிநாய்க்கடிக்குச் சிகிச்சை தர இந்தியாவின் முதல் பாஸ்டர் நிலையம் 1900-இல் தோன்றியது இங்கேதான். நம் குன்னூரில் அத்தகைய நிலையம் எழுந்தது 1907-இல். 1905-இல் கசௌலியில் மத்திய ஆராய்ச்சி நிலையமும் அமைந்தது. ஆப்பிரிக்கா செல்வோர் குத்திக்கொள்ளும் மஞ்சள் காய்ச்சல் ஊசிமருந்து இங்கு ஆக்கப்பெற்று வந்துள்ளது.

எங்களுடன் வந்த பெரியவர் அந்நிலையத்தின் வாயிலை நெடுநேரம் நோக்கி நின்றார். அவர் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றவர். உடல் அதனை ஒதுக்காதிருக்க, நோய் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளை நாள்தோறும் உண்பவர். மகள் குடும்பம் உகாண்டாவில். அந்நாட்டில் நுழைய மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று வேண்டும். மருத்துவரோ, "அந்த ஊசி உங்களுக்கு ஆகாது" என்று கூறிவிட்டார்.

காரணம் எளிது. மாக்ஸ் தெய்லர் கண்டு, 1951-இல் நோபல் பரிசு பெற்ற அம்மருந்தில் இருப்பது வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரசு. நலமுள்ள உடல் அதனை எளிதில் அடக்கிவிடும். எதிர்ப்பாற்றல் குன்றிய உடலில் அது பெருகிக் கேடு விளைக்கலாம். தட்டம்மை, சின்னம்மை ஊசிகளும் உயிருள்ளவையே.

செயலிழந்த கிருமியாலான ஊசிகளால் இவ்வச்சம் இல்லை. வெறிநாய்க்கடி ஊசி அத்தகையது. டைபாய்டுக்கு ஊசியாக இடுவது கிருமியின் ஒரு கூறே. வாயால் உண்ணும் வகை உயிருள்ளது. காமாலை 'ஏ' வகைக்கும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கும் நம் நாட்டில் இருவகை மருந்துகளும் உண்டு. ஆகவே நோயின் பெயரைக் கேட்டால் மட்டும் போதாது, "உயிருள்ளதா, செயலிழந்ததா?" என்றும் கேட்டல் வேண்டும். செயலிழந்த ஊசியும் இத்தகையோர்க்கு முழுப் பாதுகாப்புத் தராமற் போகலாம். ஆதலின் கொதித்தாறிய நீரையும் கொசுவலையையும் கைவிடலாகாது.

ஊசி ஆகாதவர்க்கு மருத்துவர் விலக்குச் சான்று தரலாம். அதனை ஏற்பதும் மறுப்பதும் செல்லும் நாட்டைப் பொறுத்தது. முன்னரே விசாரித்தல் நலம். நோயுள்ள நாட்டிலிருந்து ஊசிச் சான்றின்றித் திரும்புவோரை 6 நாள் வரை தனியே வைக்கும் விதி நம் நாட்டில் உண்டு. மேலும், அச்சான்று கொசுவிடம் செல்லாது! சோதனைச் சாவடியைக் கடந்தாலும் நோயின் அபாயம் நீங்குவதில்லை.

பெரியவர் கீழிறங்குகையில் தம் முடிவைச் சொன்னார்: "நான் போகப்போவதில்லை. மகளையும் பேரனையும் இங்கே வரச் சொல்லப்போகிறேன்." அவர் குரலில் ஏக்கம் இருந்தது, ஆயினும் அது அறிவுடைய முடிவென்றே எங்களுக்குத் தோன்றிற்று.

நம் இல்லங்களில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும், மூட்டு நோய்க்கு ஸ்டீராய்டு உண்போரும் உளர். அவர்கள் பயணச்சீட்டு வாங்குமுன் மருத்துவரைக் காண்பார்களாக. இத்தகைய மருந்துகளை இனித்தான் தொடங்க இருப்போர், உயிருள்ள ஊசிகள் தேவையெனில் குறைந்தது 4 வாரங்களுக்கு முன்னரே அவற்றை முடித்துக்கொள்வது பற்றிக் கேட்டறிவார்களாக.