நான் அடித்துவிட்ட வரிகள்

இந்தியா வல்லரசாக வேண்டும் என்று ஒரு தலைமுறைப் பிள்ளைகளைப் பேசவைத்தவன் நான். அரசுப் பள்ளியில் தமிழாசிரியனாக இருந்தேன். சுதந்திர தினமோ, மாவட்டப் பேச்சுப் போட்டியோ, எதுவானாலும் உரை எழுதிக் கொடுப்பது என் பொறுப்பு. அந்த உரைகளில் நான் செய்த தவற்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு உறுத்தாது. கண்ணெதிரே இருந்ததை மறைப்பதற்காகவே நாட்டின் பெருமையைப் பயன்படுத்திக்கொண்டேன்.

அந்த ஆசை எனக்குள் வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் பொய் இல்லை.

நான் தொடக்கப் பள்ளியில் படித்தது அறுபதுகளில். மதியம் கோதுமை உப்புமா, பால் பவுடரைக் கரைத்த பால். சாக்கு மூட்டையின் மேல் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் படம் இருக்கும். அமெரிக்க மக்கள் கொடுத்தது என்று வாத்தியார் சொல்வார். பசித்த வயிற்றுக்கு அது ருசித்தது. வெட்கமெல்லாம் அப்போது தெரியாது. பெரியவனான பிறகுதான் அந்த மூட்டையின் கதையைப் படித்தேன். 1965, 1966 இரண்டு ஆண்டும் மழை பொய்த்தது. பி.எல். 480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாகத் தானியம் வந்தால்தான் பல மாநிலங்களில் உலை வைக்க முடியும் என்ற நிலை. வியட்நாமில் குண்டு போடுவதை இந்தியா குறை சொன்னது அதிபர் லிண்டன் ஜான்சனுக்குப் பிடிக்கவில்லை. மொத்தமாக ஒப்புதல் தராமல், கொஞ்சம் கொஞ்சமாக, நம்மைக் காக்கவைத்து அனுப்பினார். 1971 டிசம்பரில் வங்கப் போர் நடந்துகொண்டிருந்தபோது அதே அமெரிக்கா எண்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பியது. டீக்கடை ரேடியோவைச் சுற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேச்சில்லாமல் நின்றார்கள். இனி எவனும் நம்மை இப்படி மிரட்டக் கூடாது என்ற எண்ணம் அன்று எனக்குள் விழுந்தது. 1974 மே 18 அன்று பொக்ரானில் முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த செய்தி வந்தபோது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தெருத்தெருவாகச் சொன்னேன்.

ஆனால் ஜான்சனின் பிடியைத் தளர்த்தியது எது? பொக்ரானுக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்த வேலை வயலில் தொடங்கிவிட்டது. உணவு அமைச்சராக இருந்த பொள்ளாச்சிப் பக்கத்து சி. சுப்பிரமணியம், கும்பகோணத்து வேளாண் விஞ்ஞானி எம்.எஸ். சுவாமிநாதன் இருவரும் அமெரிக்க விஞ்ஞானி நார்மன் போர்லாக்கின் குட்டை ரகக் கோதுமையை இங்கே கொண்டுவந்தே தீருவது என்று நின்றார்கள். அமைச்சரவைக்குள்ளும் வெளியேயும் எதிர்ப்பு இருந்தது. 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை கப்பலேறி வந்தது. 1968 அறுவடையில் விளைந்ததை வைக்க இடம் போதாமல் வடக்கே பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டைகளை அடுக்கினார்கள். அதற்கு விலையும் உண்டு; பஞ்சாபின் நிலத்தடி நீர் அதை இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆனாலும் சோற்றுக்காக இன்னொரு நாட்டு அதிபரின் முகத்தைப் பார்க்கும் நிலை அந்த வயல்களில்தான் மாறியது.

இரண்டு தமிழர்கள் முன்னின்ற கதை இது. ஒரு தமிழாசிரியனுக்கு இதைவிட என்ன வேண்டும்? நான் எழுதிய எந்த உரையிலும் இவர்களுக்கு ஒரு வரிகூடத் தரவில்லை. விதை, உரம், நெற்களம் என்று பேசினால் கூட்டம் கை தட்டாது என்று நினைத்தேன்.

அப்துல் கலாமுக்கும் அதே அநியாயத்தைத்தான் செய்தேன். ஒய்.எஸ். ராஜனுடன் சேர்ந்து அவர் எழுதிய ‘இந்தியா 2020’ 1998இல் வெளிவந்தது. அதை நான் வரிவரியாகப் படித்திருக்கிறேன். உணவு, வேளாண்மை, தொழில் உற்பத்தி, எல்லோருக்கும் மருத்துவம், சாலை, மின்சாரம் என்று பக்கம் பக்கமாகப் போகிற புத்தகம் அது. நாட்டுப் பாதுகாப்பும் அதில் ஒரு பகுதி. நான் அந்த ஒரு பகுதியை மட்டும் உருவி எடுத்து, ஆண்டை மட்டும் தலைப்பில் வைத்து, ‘2020இல் வல்லரசு இந்தியா’ என்று உரை செய்தேன். ராமேஸ்வரத்திலிருந்து வந்த ஒரு மனிதர் கிராமத்து ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதியிருந்ததை நானே படித்துவிட்டு, ஏவுகணையின் தூரத்தை மட்டும் பிள்ளைகளின் வாயில் வைத்தேன்.

2012 ஏப்ரலில் அக்னி-5 முதல் முறையாகப் பறந்தது. 5,000 கிலோமீட்டர் போகும் ஏவுகணை. அந்த ஆகஸ்டில் நடந்த பேச்சுப் போட்டிக்கு எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நான் கேட்காமலேயே, தானே ஓர் உரையை எழுதிக்கொண்டு வந்தாள். கோடு போட்ட தாளில் இரண்டு பக்கம். நாடு வலிமையாக வேண்டும் என்று தொடங்கியிருந்தாள். அடுத்த பத்தியில் இப்படி இருந்தது: எங்கள் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை. அதனால் நாங்கள் காலையில் வீட்டிலிருந்து கிளம்பியது முதல் சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. இந்தியா வல்லரசாகும் ஆண்டில் எங்கள் பள்ளியில் தண்ணீர் வருமா?

சிவப்புப் பேனாவால் அந்தப் பத்தி முழுவதையும் குறுக்கே கோடு போட்டு அடித்தேன்.

“ஏம்மா, இதெல்லாம் மேடையில பேசுற விஷயமா? நம்ம பள்ளிக்கூடத்துப் பேர் என்னாகும்?”

“சரிங்கய்யா” என்றாள்.

என் உரையைக் கொடுத்தேன். மனப்பாடம் செய்து 5,000 கிலோமீட்டரை நன்றாக முழங்கினாள். முதல் பரிசு வாங்கினாள். நான் மேடைக்குக் கீழே நின்று பெருமைப்பட்டேன். பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எனக்கு அதற்கு முன்பே தெரியும். மதியம் தலைவலி என்று படுக்கிற பிள்ளைகளைப் பற்றி உடன் வேலை பார்த்த ஆசிரியைகள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியரிடம் போய் நின்று ஒரு மோட்டாருக்காக நான் வாய் திறந்திருக்கலாம். ஊராட்சி அலுவலகம் நடந்து போகிற தூரத்தில்தான் இருந்தது. போகவில்லை. அந்தப் பெண் அதற்குப் பிறகு தானாக எழுதிய எதையும் என்னிடம் காட்டவில்லை. கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் கேட்காதவளாக ஆக்கிப் பத்தாம் வகுப்புக்கு அனுப்பினேன்.

காலை பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளைகளும் அப்படித்தான். முகத்தில் தண்ணீர் தெளித்து, நிழலில் உட்கார வைத்து, “காலையில சாப்டியா?” என்று கேட்பேன். தலை குனிவார்கள். அவர்கள் வீட்டு நிலைமை என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விடுவேன். நாட்டின் நிலைமை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. நாடு என்றால் எனக்கு வரைபடமும் ஏவுகணையும் கொடியும்தான். 2022 செப்டம்பரில் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது நான் ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மயங்கி விழுந்த பிள்ளைகளுக்கு என்ன தேவைப்பட்டது என்பது ஒரு தட்டுப் பொங்கலாகவும் உப்புமாவாகவும் செய்தித்தாளில் படமாக வந்தது.

இதைவிடக் கனமான ஒன்றையும் சொல்ல வேண்டும். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து உணவுப் பொட்டலங்களைப் போட்டன. போர் விமானங்கள் துணைக்குப் போயின. இலங்கை அரசால் தடுக்க முடியவில்லை. நம் நாட்டுக்கு இவ்வளவு வலிமை இருக்கிறதா என்று எனக்குப் புல்லரித்தது. ஜூலையில் இலங்கையுடன் ஒப்பந்தம்; அமைதிப்படை என்ற பெயரில் நம் ராணுவம் அங்கே போனது. அக்டோபரில் அதே படை யாழ்ப்பாணத்துக்குள் போரிட்டுக்கொண்டு நுழைந்தது. தீபாவளி நாளில், அக்டோபர் 21 அன்று, யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் அந்தப் படையினரின் துப்பாக்கிகள் வெடித்தன. நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள், ஊழியர்கள் என்று 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1990 மார்ச்சில் படை திரும்பி வருவதற்குள் நம் வீரர்கள் 1,100க்கும் மேற்பட்டவர்கள் அங்கே உயிர்விட்டிருந்தார்கள்.

எந்தச் சேதியையும் நான் தவறவிடவில்லை. இரவில் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறேன். காலையில் பள்ளிக்கு வந்தால் தெற்காசியாவே நம் சொல்லுக்குக் கட்டுப்படும் என்று எழுதிக் கொடுப்பேன். அகதி முகாமிலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டார்கள். ஒரு பெரிய நாடு தன் வலிமையைப் பயன்படுத்தத் தொடங்கினால் முதலில் அடி விழுவது பக்கத்து நாட்டில் உள்ள, கையில் ஒன்றும் இல்லாத சனத்தின் மேல்தான். அந்தச் சனம் என் மொழி பேசுகிற சனமாக இருந்தும் நான் வாய் திறக்கவில்லை.

அணுகுண்டு இருந்தால் எவனும் நெருங்க மாட்டான் என்றும் எழுதினேன். 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் மறுபடி சோதனை நடந்தது. அதே மாதம் 28ஆம் தேதி பாகிஸ்தானும் வெடித்துக் காட்டியது. அடுத்த ஆண்டே பாகிஸ்தானுடன் கார்கில் போர். 527 வீரர்கள் இறந்தார்கள். என் உரையில் கார்கில் வெற்றி மட்டும் புதிதாக ஒரு பத்தியாகச் சேர்ந்தது. முந்தைய பத்தி பொய்த்துவிட்டதே என்று நான் அதைத் திருத்தவில்லை. அதற்கும் முன்பு 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்தது. விண்வெளிக்கு முதல் மனிதனை அனுப்பிய நாடு. கலைந்த அன்று அதன் கிடங்கில் பல்லாயிரம் அணுகுண்டுகள் இருந்தன. கடைகளில்தான் ரொட்டியும் இறைச்சியும் இல்லை. பேச்சுப் போட்டிக்கு எழுத இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. எழுதவில்லை.

வளர்ந்துவருகிற ஒரு நாடு வல்லரசாக ஆசைப்படலாமா என்று இன்று யாராவது கேட்டால், வேண்டாம் என்றுதான் சொல்வேன். எல்லையைக் காக்க ராணுவம் வேண்டும். சீனாவுடனான 1962 போரை நான் மறக்கவில்லை. 2020 ஜூனில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் இறந்த 20 வீரர்களில் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர் ஒருவரும் இருந்தார். தற்காப்பு வேறு. மற்றவர்கள் நம்மைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதையே குறிக்கோளாக வைப்பது வேறு. அந்தக் குறிக்கோளுக்கு எங்கள் பள்ளிக் குழாயில் தண்ணீர் வருகிறதா இல்லையா என்பது கணக்கிலேயே வராது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் நாம் ஐந்தாவது இடத்துக்கு வந்துவிட்டோம் என்று கொண்டாடியதும் அதை ஒட்டிய காலத்தில்தான். இரண்டும் ஒரே நாட்டின் கணக்கு. எனக்கு இரண்டாவதைச் சொல்வது எப்போதும் சுலபமாக இருந்தது. அது என்னிடம் எதையும் கேட்கவில்லை. குழந்தையின் உயரமும் குழாயும் என்னைக் கேட்டன: நீ என்ன செய்தாய் என்று.

இவ்வளவும் புரிந்துவிட்டதால் நான் மாறிவிட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு ‘2047இல் வல்லரசு இந்தியா’. ஒரு பையன் எழுந்து பேசினான். இரண்டாவது நிமிடத்தில் வரிகள் எனக்குப் பழக்கமானவையாக இருந்தன. என் உரை ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸாகக் கைமாறி வந்திருக்கிறது. ஆண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவனுக்குப் பின் பேசிய சிறுமிக்குக் குரல் நடுங்கியது. தன் ஊருக்குச் சாயங்காலம் பஸ் இல்லாததால் அக்கா படிப்பை நிறுத்திவிட்டாள் என்றும், அக்காவைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்புகிற நாடுதான் தனக்கு வேண்டும் என்றும் சொன்னாள். நடுவில் ஓரிடத்தில் மறந்துபோய் நின்றாள். நேரத்துக்கு முன்பே முடித்துவிட்டாள்.

மதிப்பெண் தாளில் உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், தலைப்பை ஒட்டிய கருத்து என்று கட்டங்கள் இருந்தன. கட்டங்களை நிரப்பிக் கூட்டிப் பார்த்தேன். பையனுக்கு முதல் பரிசு. அவளுக்கு ஆறுதல் பரிசு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.